சாவடியின் மேற்குச் சுவர்

போன மாதம் எங்கள் போட்டோகிராபர் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. இப்போது கம்ப்யூட்டரில் இல்லாத ஆளை இருக்கிற மாதிரியும், இருக்கிற ஆளை இல்லாத மாதிரியும் செய்துவிடுகிறார்களாம். இனிமேல் யார் நம் படத்தை நம்புவார்கள் என்று இளவட்டங்கள் கவலைப்பட்டார்கள். பின்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த நான், "முன்னாடி மட்டும் நம்பிக்கிட்டா இருந்தோம்?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே சங்க மலருக்கு எழுதித் தாருங்கள், அண்ணாச்சி, என்று விடாப்பிடியாகக் கேட்டார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எங்கள் ஊர் மடவார் வளாகக் கோயில் வைத்தியநாத சுவாமியை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொழில் கற்றுக்கொண்டது ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். முதல் சில வருஷம் தட்டு கழுவியதும் தண்ணீர் சுமந்ததும்தான். அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது என் முதலாளியைப் பற்றித்தான். அவர் எதையும் நம்பமாட்டார். கடைக்கு வருகிறவர் வெயில் என்று சொன்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். "படம் பொய் சொல்லாதுன்னு எவம்லே சொன்னான்? அதுக்கு வாய் கிடையாது, அம்புட்டுதான்" என்பார்.

அவர் வேலை பார்க்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இருட்டறையில் நெகட்டிவை எடுத்ததும் ஒரு மூலையைக் கீழுதட்டில் லேசாக வைப்பார். உதட்டில் ஒட்டினால் அது மருந்துப் பக்கம், வழுக்கினால் மறுபக்கம். மருந்துப் பக்கம் காகிதத்தைப் பார்த்து இருக்கவேண்டும். மாற்றி வைத்துவிட்டால் படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக விழுந்துவிடும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, உதட்டுக்குத் தெரியும். அதோடு விடமாட்டார். பிரிண்ட் காய்ந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கைகளைப் பார்ப்பார், நிழலைப் பார்ப்பார், சேலை முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் கவரில் போடுவார்.

ஒருமுறை பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று எரிந்துபோய், இன்சூரன்ஸுக்காகப் படம் எடுக்கப் போனோம். கிட்டங்கிக்காரர் இங்கே எடுங்கள், அங்கே எடுங்கள் என்று கூடவே வந்தார். முதலாளி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பஸ் ஏறினதும் என் காதில் சொன்னார்: "எதை எடுக்கச் சொல்லுதான்னு பாக்காத. எதை எடுக்க வேண்டாங்கான், அதைப் பாரு." அந்தக் கிட்டங்கிக்காரர் கடைசி வரைக்கும் பின்பக்கத்துக் கதவை மட்டும் எடுக்க விடவில்லை. எங்களுக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். ஆனாலும் முதலாளி அதையும் எடுத்து வைத்திருந்தார். எப்போது எடுத்தார் என்று எனக்கே தெரியாது.

அவர் காலமான பிறகு நானே சொந்தமாகக் கடை வைத்து, கல்யாணம், காதுகுத்து, மில் விழா என்று காலத்தை ஓட்டினேன். கடையை மூடுவதற்கு முந்தின வருஷம் வந்ததுதான் சாவடி வேலை.

சாவடி என்பது ராஜபாளையத்தில் ஒரு தெருக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து கட்டிக்கொண்ட பொதுக்கூடம். பூஜை, கல்யாணம், ஊர்ப்பேச்சு எல்லாம் அங்கேதான். இந்தச் சாவடி நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. ஒரு மழையில் கூரையும் இரண்டு பக்கச் சுவர்களும் விழுந்து, பல காலம் கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிற பிள்ளைகள் கூடிப் பேசி அதைப் பழையபடி எழுப்பினார்கள். கமிட்டிச் செயலாளர் ரகுபதி. மில் சாமான் வியாபாரம், ஐம்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். திறப்பு விழா மலருக்குப் படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே போனதும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்த சுண்ணாம்பில் பூசி, முகம் தெரிகிற மாதிரி தேய்த்திருந்தார்கள். தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் போட்டிருந்தது. வடக்குச் சுவரில் சுவாமி மாடம், பக்கத்தில் உபயதாரர் பெயர் வெட்டின கல். இந்த மாதிரி இடத்தை அவசரமாக எடுக்கக்கூடாது. டியூப்லைட்டை எல்லாம் அணைக்கச் சொன்னேன். பூசின சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால் எதிரே கறுப்புப் போர்வையைக் கட்டினேன். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அதன் கால் பட்ட இடத்தில் சாக்பீஸால் குறி போட்டேன். தூண் சாய்ந்து விழுந்தால் படம் குடிகாரன் எடுத்த மாதிரி இருக்கும்.

ரகுபதி ஒரு பழைய படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்தார். அவர் வீட்டு மாடியில் மூட்டை முடிச்சுக்கு நடுவே கிடந்ததாம். யார் எடுத்தது, எங்கே பிரிண்ட் போட்டது என்று யாருக்கும் தெரியாது. இதை வைத்துத்தான் இன்ஜினியர் விழுந்த பக்கங்களைத் திரும்பக் கட்டியிருக்கிறார். இதே இடத்தில் நின்று இதே மாதிரி ஒரு படம் எடுக்கவேண்டும், மலரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடவேண்டும் என்றார்.

பழைய படம் இப்படி இருந்தது. நடுவில் சுவாமி மாடம். முன்னால் பட்டர் தீர்த்தம் கொடுக்கிறார், ஊர்ப் பெரியவர் குனிந்து வாங்குகிறார். வலப்பக்கம், அதாவது கிழக்குச் சுவரில், ஒரு சின்ன வாசல். அதன் ஓரமாக ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் வாசற்படியில் கால் வைத்து நிற்கிறார். அந்த வாசல் வழியாக வெயில் சாய்ந்து தரை முழுக்க விழுந்திருக்கிறது. அந்த வெயில்தான் படத்துக்கே அழகு.

புதிதாகக் கட்டின சாவடியிலும் கிழக்கே அதே மாதிரி வாசல். நிலைக்குக் கடைசல் வேலை, படி எல்லாம் அச்சாக இருந்தது. எனக்கு அந்த வெயில் வேண்டும். காலையில் வந்து காத்திருந்தேன். வெயில் வரவில்லை. கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தேன். காலுக்குக் கீழே சாக்கடை, அதை ஒட்டி மூன்றாள் உயரத்துக்குக் கருங்கல் சுவர். சாவடியைவிடப் பழைய சுவராம் அது. சூரியன் எந்தப் பக்கம் நின்றாலும் இந்த வாசலுக்குள் வெயில் நுழைய வழியே இல்லை. சாக்கடையைப் பார்த்து யார் வாசல் வைப்பான் என்று ரகுபதியிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் சாக்கடை இருந்திருக்காது, அண்ணாச்சி, என்றார். சுவர் இருந்ததல்லவா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைச் சுருக்கென்று குத்தியது.

"மேற்குப் பக்கம் வெறும் சுவருதான் அண்ணாச்சி. அதை எடுக்க வேண்டாம்."

முதலாளி பஸ்ஸில் என் காதில் சொன்னது ஞாபகம் வந்தது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

சாவடிக்கும் அடுத்த மனைக்கும் நடுவே ஒரு முடுக்கு, குறுகலான சந்து. பாதி அகலத்துக்கு அஸ்திவாரக் கல் இறக்கியிருந்தார்கள். முடுக்கின் கோடியில் ஒரே ஒரு ஓட்டு வீடு. வாசலில் தையல் மெஷின் போட்டு ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். என் தோளில் கிடந்த காமிராவைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"நீங்களும் அவிய ஆளுதானா?"

கூலிக்கு வந்தவன் என்றேன். "கூலிக்குத்தான எல்லாரும் வாரான்" என்றார். பெயர் பீர் முகமது. கொஞ்ச நேரம் என்னை எடை போட்டுவிட்டுப் பிறகுதான் வாயைத் திறந்தார். அடுத்த மனை ரகுபதியின் மைத்துனர் வாங்கியது. வீடு கட்டுகிறார், கார் நிறுத்த இந்த முடுக்கைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். பழைய சாவடிக்கு மேற்கேதான் வாசல் இருந்தது, பூஜைச் சோறு இந்த முடுக்கில்தான் வெந்து அந்த வாசல் வழியாக உள்ளே போகும், அதனால்தான் முடுக்கு பொதுவில் கிடந்தது என்று பீர் முகமதுவின் வாப்பா சொல்லியிருக்கிறார். அதை இவர் தெருப் பேச்சில் சொன்னபோது ரகுபதி அந்தப் பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். படத்தில் வாசல் கிழக்கே இருக்கிறது. வாசலே இல்லாத பக்கத்தில் சாவடிக்குப் பாதை எதற்கு என்று கேட்டு, பேச்சை முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அவருடைய தாயார், படுத்த படுக்கை.

"நாங்க ஒருக்களிச்சுப் போயிக்கிடுவோம் அண்ணாச்சி. எங்கம்மா மவுத்தானா நாலு பேரு தோள்ல சந்தூக்கு போவணும். ஒருக்களிச்சுப் போவுமா அது?"

தாயாரின் சவப்பெட்டியைப் பற்றி என்றாலும் அவர் கோபமாகச் சொல்லவில்லை. அளவு எடுக்கிற தையற்காரர் சொல்வது போலத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அவரையும் நான் முழுக்க நம்பவில்லை. வாப்பா சொன்னது என்று யாரும் எதையும் சொல்லலாம். படம் என்று ஒன்று எதிரே நிற்கிறதே. கமிட்டிக்காரர்கள் வேண்டுமென்றே வாசலை மாற்றினார்கள் என்றால், படத்திலும் மாற்றியிருக்க வேண்டும். சட்டம் பழையது, அட்டை பழையது, பூச்சி அரித்திருக்கிறது. யாரும் கைவைத்த படம் இல்லை அது.

பழைய படத்தை என் போனில் பிடித்து வைத்திருந்தேன். சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்து, வீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஆரு இந்த மனுசன்? பாத்தா பெரிய ஆளா இருக்காரு, பீச்சாங்கையால தீர்த்தம் வாங்குதாரே."

அத்தனை நேரம் வாசலையும் வெயிலையும் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. முதலாளி இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார். பட்டர் இடது கையால் உத்தரணிக் கரண்டியைப் பிடித்து ஊற்றுகிறார், பெரியவர் இடது கையை ஏந்தி வாங்குகிறார். சுவாமி சந்நிதியில் ஒருவர் தவறலாம், இரண்டு பேரும் சேர்ந்தா தவறுவார்கள்? போனில் படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். கைகள் வலது கைகளாயின. வாசல் மேற்குச் சுவருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்கால வெயில் அது வழியாக உள்ளே வந்தது.

என்றைக்கோ யாரோ ஒருவர் இருட்டறையில் நெகட்டிவை மாற்றி வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார். அதைப் பார்த்து ஒரு சாவடியையே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் போகிற வழியில் பீர் முகமதுவிடம் பழைய படத்தை நீட்டினேன். காரணம் சொல்லவில்லை. நான் நினைப்பது சரிதானா என்று இன்னொரு கண்ணால் பார்க்கவேண்டும். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வரிசையில் சட்டை போட்டு நின்ற ஆட்களிடம் போய் விரல் நின்றது.

"இதை எவன் தைச்சான் அண்ணாச்சி? அத்தனை சட்டைக்கும் பொம்பளையாளு சட்டை மாதிரி எதிர்ப்பக்கத்துலல்லா பித்தான் வச்சிருக்கான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவருக்கும் விளங்கிவிட்டது. "அப்போ..." என்று மேற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

செத்த நேரம் பொறுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு ரகுபதியைப் பார்க்கப் போனேன். இரண்டு படத்தையும் காட்டி, கையையும் பித்தானையும் காட்டி, விவரமாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்போ போட்டோதான் தப்பு. எங்க மேல தப்பில்ல" என்றார். ஆமாம் என்றேன். இன்ஜினியருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தானும் சின்னப் பிள்ளையில் வெளியூரில் படித்தவன் என்றார். அதற்கும் சரி என்றேன்.

அடுத்துத்தான் அந்த யோசனையைச் சொன்னார். "மலர்ல பழைய படத்தைச் சரியா திருப்பிப் போட்டுருங்க. நீங்க எடுத்ததையும் திருப்பிப் போட்டுருங்க. ரெண்டும் ஒண்ணு போல இருக்கும், சோலி முடிஞ்சுது."

சுவர் இருந்த இடத்தில் இருக்கும். வாசல் மட்டும் புத்தகத்தில் மேற்கே போய்விடும். முடுக்கும் மைத்துனரும் அப்படியே. இவ்வளவு வேகமாக இந்த யோசனை எப்படி வந்தது என்றுதான் நான் யோசித்தேன்.

"செய்யலாம் சார்," என்றேன். "ஆனா சுவத்துல உபயதாரர் கல்வெட்டு இருக்குல்லா. திருப்பினா எழுத்தெல்லாம் இடம் வலமா மாறி வரும். உங்க மச்சான் பேரு மொதல்ல இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரி விடுங்கள், விழா முடியட்டும், அதுவரைக்கும் வாசலைப் பற்றிப் பெரியவர்கள் காதில் ஒரு வார்த்தை போடக்கூடாது, எனக்கு வாக்குக் கொடுங்கள் என்றார். விழா நேரத்தில் சச்சரவு வேண்டாம் என்பது நியாயமாகத்தான் பட்டது. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. விழா முடிந்து மறுநாள் முடுக்கில் சுவர் எழும்பும் என்று பீர் முகமது முன்பே சொல்லியிருந்தார். கட்டி முடித்த பிறகு கையையும் பித்தானையும் காட்டி என்ன பிரயோஜனம்? கொடுத்த வாக்கை மீறவும் எனக்கு மனசில்லை. அன்றைக்கு வைத்தியநாதர் சந்நிதியில் நின்று, வாக்கும் கெடக்கூடாது, அந்த அம்மாவுக்கு வழியும் கெடக்கூடாது, நீயே சொல் என்று கேட்டேன். சாமி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, என் தொழிலில் வாய்க்கு வேலையே இல்லை என்பது மட்டும் தோன்றியது.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். கிழக்கு வாசலில் மாவிலை, வாழைத்தார் எல்லாம் கட்டியிருந்தது. தெருப் பெரியவர்களைக் கார் வைத்துக் கூட்டிவந்து, மாலை போட்டு, முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சாவடி விழுந்த பிறகு அவர்களில் யாரும் உள்ளே வந்ததில்லை. நடமாட்டம் குறைந்துபோனதால் தெருப் பேச்சுக்கும் வந்ததில்லை, இந்தப் பழைய படத்தையும் பார்த்ததில்லை. எல்லோரிலும் மூத்தவர் வெங்கட்ராம தாத்தா. கண் மங்கல், கையில் கம்பு. அவருடைய அப்பாதான் படத்தில் வாசற்படியில் கால் வைத்து நிற்பவர் என்று ரகுபதியே முன்பு சொல்லியிருந்தார்.

பூஜை முடிந்ததும் குரூப் படம் என்றார்கள். ஸ்டாண்டை சாக்பீஸ் குறியில் வைத்தேன். ரகுபதி பெரியவர்களை நடுவில், சுவாமி மாடத்துக்கு முன்னால் நிறுத்தப் பார்த்தார். நான் கையை உயர்த்தி, சத்தமாகவே சொன்னேன்.

"அய்யா, சாவடியில தீர்த்தம் குடுக்கும்போது உங்கப்பாமாரு எங்க நிப்பாங்களோ, அங்கனயே போய் நில்லுங்க. மலருக்கு நல்லா இருக்கும்."

வாசல் என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வெங்கட்ராம தாத்தா கம்பை ஊன்றி எழுந்து, மாவிலை கட்டின கிழக்கு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேரே மேற்குச் சுவருக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போய், ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். தாத்தா அதோடு நிற்கவில்லை. செருப்பில்லாத வலது காலால் சுவரின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். கையால் பூச்சைத் தடவினார். "இக்கடே, இக்கடே" என்று அவர்கள் வீட்டுத் தெலுங்கில், இங்கேதான் இங்கேதான் என்று முணுமுணுத்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"ஏலே ரகு, இங்கன வாசப்படி இருந்துச்சே. எங்கலே?"

நான் பட்டனை அழுத்தினேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள், வாசல் திறக்காமல் பந்தியில் இலை போடக்கூடாது என்று. மைத்துனர் வந்து என்னவோ சொல்லிப் பார்த்தார். தாத்தா காது கேட்காதவர் போலவே இருந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கொத்தனார் வந்து மேற்குச் சுவரில் குறி போட்டு, முதல் கல்லை உருவின பிறகுதான் பந்தி நடந்தது. முடுக்கில் இறக்கின அஸ்திவாரக் கல்லை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். இப்போது சாவடிக்கு இரண்டு பக்கமும் வாசல். கிழக்கு வாசல் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. பீர் முகமதுவின் தாயார் மறு வருஷம் காலமானார். நானும் போயிருந்தேன். சந்தூக்கை நாலு பேர் தோள் கொடுத்து நேராகவே கொண்டுபோனார்கள்.

ரகுபதி அன்று முதல் இன்று வரைக்கும் தனக்கு ஒன்றுமே தெரியாது, போட்டோ செய்த வேலை என்றுதான் சொல்கிறார். இன்ஜினியரும் அதையே சொல்கிறார். போட்டோ தப்பு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஒரு மனுஷனை வீணாகச் சந்தேகப்பட்டால் பாவம் என்று என் வீட்டுக்காரி சொல்லாத நாளில்லை. நானும் விட்டுவிடத்தான் பார்க்கிறேன்.

ஆனால் விழாவன்று நான் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. மலரில் அவர்கள் அதைப் போடவில்லை. வெறும் சுவர் ஓரமாகப் பெரியவர்கள் நிற்கிறார்கள், தாத்தாவின் கை பூச்சின் மேல் இருக்கிறது, கூட்டத்தில் அத்தனை தலையும் அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ரகுபதி ஒருவர் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார்.